ஆயுள் காப்பீட்டுப் பாலிசியின் மேல் கடன் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் வீட்டில் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

அவசரமாகப் பணம் வேண்டும், பத்து வருடமாகக் கட்டிவரும் பாலிசி ஒன்று இருக்கிறது, தனிநபர் கடனைவிட அதன் மேல் கடன் வாங்குவது நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நான் பேசாமல் கடந்து போயிருப்பேன். கடைசியில் "வீட்டுக்குத் தெரியாமல் முடிக்க முடியுமா?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அதுதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. யாரையும் ஏமாற்ற அப்படிக் கேட்கவில்லை, அவர்களைக் கவலைப்படுத்த வேண்டாம் என்றுதான் நினைத்திருப்பீர்கள். என் அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

அப்பா இறந்தபிறகு காப்பீட்டுப் பணத்தைக் கேட்டு விண்ணப்பிக்கப் பாலிசி பாண்டை, அதாவது பாலிசி எடுத்தபோது கொடுத்த பத்திரத்தை, தேடினோம். கிடைக்கவில்லை. மூன்று நாள் தேடினோம். பரண், பெட்டி, பழைய ஃபைல்கள், மெத்தைக்கு அடி என்று ஒன்று விடாமல் கவிழ்த்துப் போட்டோம். பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டிருப்பாய் என்று அண்ணன் அம்மாவைக் கத்தினான். கணவனைப் பறிகொடுத்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒருத்தியை. அம்மாவும் "போட்டிருப்பேனோ என்னவோ" என்று தன்மேலேயே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டாள்.

பாண்ட் தொலைந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்க நானும் அண்ணனும் காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த ஊழியர் அம்மையார் பாலிசி எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "தொலையவில்லையே, எங்களிடம்தான் இருக்கிறது. உங்கள் அப்பா கடன் வாங்கியிருக்கிறாரே" என்றார். கடனுக்கு ஈடாகப் பாலிசியை நிறுவனத்தின் பேருக்கே எழுதிக்கொடுத்து, பாண்டையும் ஒப்படைத்திருக்கிறார். நடந்து பதினோரு வருடம்.

வட்டி வருடத்துக்கு 10 சதவீதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கட்டாத வட்டி அசலோடு சேர்ந்துவிடும். அப்பா ஒருமுறைகூடக் கட்டவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 வாங்கியிருந்தால் பதினோரு வருடத்தில் அது 292 ஆகியிருக்கும். அவ்வளவையும் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கொடுத்தார்கள். நாங்கள் எதிர்பார்த்ததில் முக்கால்வாசிகூட வரவில்லை. நிறுவனத்தைக் குறை சொல்ல மாட்டேன். வட்டி நோட்டீஸ் அனுப்பித்தான் இருக்கிறார்கள், எல்லாம் நாங்கள் காலி செய்த பழைய வீட்டு முகவரிக்கு.

எதற்காக வாங்கினார் என்பது இன்றுவரை தெரியாது. அம்மா அந்த வருடத்து டைரியைத் தேடிப் பார்த்தாள். பால் கணக்கும் மின்கட்டணமும்தான் இருந்தன. என் கல்லூரிக் கட்டணத்துக்காக இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம், தேதி சரியாகப் பொருந்தவில்லை. அண்ணனுக்கு வேறு எண்ணங்கள், அவற்றை இங்கே எழுத மாட்டேன். அம்மாவைக் கத்தியதற்கு அவன் இன்னும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. ஆனால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் பண நிர்வாகம் பற்றி ஒரு பொன்மொழி அனுப்பத் தவறுவதில்லை. சரி, அது உங்களுக்கு எதற்கு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கடன், பாண்டில் போட்டிருக்கும் காப்புத் தொகையை வைத்துக் கிடைப்பதில்லை. இன்று பாலிசியை முறித்தால் எவ்வளவு வருமோ, அந்தச் சரண்டர் மதிப்பில் 80, 90 சதவீதம்வரை தருவார்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். முதல் ஓரிரு வருடங்களில் அந்த மதிப்பே இருக்காது. உங்களுடையது டெர்ம் பாலிசி, அதாவது இறந்தால் மட்டும் பணம் தருகிற வகை, என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், அதில் சேமிப்பு கிடையாது, கடனும் கிடையாது.

"நம் பணத்தை நாம் எடுப்பதற்கு வட்டியா?" என்று கோபப்படுவார்கள். நானும் கோபப்பட்டேன். உண்மையில் பாலிசியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அது முழுசாக ஈடாக நிற்கிறது, நிறுவனம் தன் நிதியிலிருந்து தருகிறது. அதனால்தான் என் பாலிசியில் கடன் இருந்தபோதும் போனஸ் சேர்ந்துகொண்டே வந்தது. ஆனால் பிரீமியத்தைத் தனியாகக் கட்டியாக வேண்டும்.

ஆமாம், நானும் வாங்கியிருக்கிறேன். அப்பா போய் நாலு வருடம் கழித்து, வீட்டுக்காரருக்கு முதுகில் அறுவை சிகிச்சை. மருத்துவக் காப்பீடு பாதிதான் கொடுத்தது. நான் அப்போது வேலையை விட்டிருந்தேன், சம்பளச் சீட்டு இல்லாதவளுக்கு எந்த வங்கி தனிநபர் கடன் தரும்? பாலிசிக் கடனுக்குச் சம்பளச் சீட்டும் கேட்கவில்லை, கடன் மதிப்பெண்ணும் பார்க்கவில்லை, எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. ஒரே தொல்லை கையெழுத்து. இருபத்திரண்டு வயதில் வளைத்து வளைத்துப் போட்ட கையெழுத்து எனக்கே மறந்துவிட்டது. "சேரவில்லை மேடம்" என்று இரண்டுமுறை திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் உட்கார்ந்து என் கையெழுத்தை நானே கள்ளக் கையெழுத்துப் போல எழுதிப் பழகினேன். மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டார்கள், நாலு நாளில் பணம் வந்துவிட்டது.

90 சதவீதம் கிடைத்தும் 60தான் எடுத்தேன். வட்டி ஏறிக்கொண்டே போய்க் கடனும் வட்டியும் சரண்டர் மதிப்பைத் தாண்டினால், அதிலும் பிரீமியமும் கட்டாமல் விட்டிருந்தால், நோட்டீஸ் கொடுத்துவிட்டு பாலிசியையே முடித்துவிடக்கூடும். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி, கையில் கொஞ்சம் சேர்ந்தால் அசலில் ஒரு பகுதி. மூன்றரை வருடத்தில் அடைத்தேன். அடைத்ததும் பாண்டைத் திரும்பக் கேட்டு வாங்கினேன். தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள்.

இப்போது ஒருவர் வந்து, "சேமிப்புப் பாலிசி எடுத்ததே தப்பு, டெர்ம் எடுத்து மிச்சத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டிருக்க வேண்டும்" என்பார். தெரியும் ஐயா. இவர் பத்து வருடம் கட்டிவிட்டார், கேட்டது அதுவல்ல.

தனிநபர் கடனா இதுவா என்றால், ஈடு கையில் இருப்பதால் இதற்கு வட்டி பெரும்பாலும் குறைவு. ஆனால் தனிநபர் கடனுக்கு மாதத் தவணை உண்டு, ஒரு மாதம் தவறினால் போன்மேல் போன் வரும். இதற்கு யாரும் போன் செய்ய மாட்டார்கள். அப்பாவுக்கும் யாரும் செய்யவில்லை. யாராவது நச்சரித்தால்தான் கட்டுவேன் என்கிற சுபாவம் உங்களுக்கு இருந்தால், வட்டி கூடினாலும் தனிநபர் கடனே மேல். இதைச் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

ஏஜென்டைக் கேட்டால், "இதை முறித்துவிட்டுப் புதுசு எடுங்கள்" என்று சொல்லக்கூடும். புதுப் பாலிசிக்குத்தான் அவருக்குக் கமிஷன் அதிகம். நேரே அலுவலகத்தில் சரண்டர் மதிப்பு, கடன் எவ்வளவு கிடைக்கும், வட்டி எப்போதெல்லாம் அசலில் சேரும் என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். முகவரியையும் போன் நம்பரையும் அன்றைக்கே சரிபாருங்கள்.

பாண்டைக் கொடுப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து, என்றைக்கு, எவ்வளவுக்குக் கொடுத்தோம் என்று அதன்மேலேயே எழுதி வீட்டில் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். என்னுடையதைத் துணி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தேன். கடன் முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, வீட்டுக்காரர் இன்னும் அதைப் பிய்க்க விடவில்லை.