ஜவுளிக்கடையின் வாட்ஸ்அப் பதில்களை சாட்ஜிபிடியை எழுதச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். ஆனால் வாடிக்கையாளரின் செய்தியை அப்படியே ஒட்டாதீர்கள். பெயர், செல்பேசி எண், முகவரியை நீக்கிவிட்டு, "நீலப் பட்டுப்புடவை, வாங்கி 3 நாள், சாயம் போகிறது" என்று கொடுத்தாலே போதும். சாட்ஜிபிடியின் செட்டிங்ஸில் 'டேட்டா கன்ட்ரோல்ஸ்' பகுதிக்குப் போய், உரையாடலைப் பயிற்சிக்கு எடுக்கும் அனுமதியையும் அணைத்துவிடுங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல், கடையின் விதி தெரியாவிட்டால் சாட்ஜிபிடி தானாக ஒன்றைக் கற்பனை செய்து சொல்லிவிடும். "7 நாளில் பில்லுடன் வந்தால் மாற்றித் தருவோம்" போன்ற உங்கள் விதியை ஒவ்வொரு முறையும் சேர்த்தே கொடுங்கள். விலை, தேதி, வாக்குறுதி மூன்றையும் ஓர் ஆள் படித்த பிறகே அனுப்ப வேண்டும். ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னதற்கு, 2024இல் அந்த நிறுவனமே இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பானது.

புடவைப் படத்தின் நிறத்தை மட்டும் ஏஐ கொண்டு மெருகேற்றாதீர்கள். கைக்கு வருவது வேறு நிறமென்றால் அது ஏமாற்றுதான்.