கல்லால் கட்டிய கோயில் மழைக்கு இடியுமா?

இடியும். முழுக்கக் கல்லாலேயே எழுப்பிய கோயிலைத்தான் கற்றளி என்பார்கள். புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் உள்ள விஜயாலய சோழீச்சரம் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிறிய கற்றளி. வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். இந்த அமைப்பு தமிழ்நாட்டில் அரிது. சாத்தன் பூதி என்பவர் எடுப்பித்த இக்கோயில் மழையில் இடிய, மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. பழுதுபார்த்ததைக்கூடக் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள்!

கல் கரைவதில்லையே, பிறகு ஏன் இடிகிறது? இத்தகைய கட்டடங்களில் கற்களைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் அவற்றின் எடைதான். அடுக்குப்பானை போல: அடிப்பானை கொஞ்சம் சாய்ந்தாலும் மேலே உள்ளவை நிற்காது. மழைநீர் இடுக்குகளில் இறங்கி உள்நிரப்பை அரிக்கும், அடிமண்ணை இளக்கும். பறவை எச்சத்தில் வந்த ஆல், அரச விதை அதே ஈரத்தில் முளைத்து, வேர் பருத்துக் கல்லை நெம்பும். அதனால் செடியைச் சின்னதாக இருக்கும்போதே வேரோடு எடுப்பதும், கூரைத் தண்ணீருக்கு வழிவிடுவதும்தான் முதல் பராமரிப்பு.

இடுக்குகளில் சிமெண்ட் பூசினால் உறுதியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் உள்ளே போன ஈரத்தைச் சிமெண்ட் வெளியேற விடாது, சுண்ணாம்புச் சாந்து வெளியேற விடும்.