எந்த வீடியோ விளையாட்டுக்கு அதிகத் திறமை வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்குத்தான் அதிகத் திறமை தேவை என்பது என் கட்சி. புனலூரிலிருந்து வரும் என் வகுப்புத் தோழரோ, வியூக விளையாட்டுகளுக்கு முன்னால் மற்றவை எதுவும் நிற்காது என்கிறார். எங்கள் வழக்கை நீங்கள்தான் தீர்த்து வைக்க வேண்டும். (கல்லூரி மாணவர், செங்கோட்டை)

பதில்: தீர்ப்பு உங்கள் தோழர் பக்கம்தான். ஆனால், ஆளுக்கொரு முறையாக நிதானமாகக் காய் நகர்த்தும் விளையாட்டுகளை நான் குறிப்பிடவில்லை. இரு தரப்பும் ஒரே நேரத்தில், நொடிகூட நிற்காமல் மோதும் நிகழ்நேர வியூக விளையாட்டுகளையே முதலிடத்தில் வைக்கிறேன். 1998-இல் வெளியான ஸ்டார்கிராஃப்டும், 2010-இல் வந்த அதன் இரண்டாம் பாகமும் இவ்வகையில் தலைசிறந்தவை.

அதில் ஆடுபவர் கனிமமும் வாயுவும் சேகரிக்கத் தொழிலாளர்களை ஏவ வேண்டும்; அந்த வருமானத்தைக் கொண்டு கட்டடம் எழுப்பிப் படை திரட்ட வேண்டும்; அதே வேளையில் வரைபடத்தின் வேறொரு மூலையில் நடக்கும் சண்டையில், அடிபட்ட வீரனை மட்டும் பின்னுக்கு இழுத்துக் காப்பாற்றவும் வேண்டும். சதுரங்கத்தில் எதிராளியின் காய்கள் நம் கண்ணெதிரே நிற்கின்றன. இங்கே எதிரியின் பாளையம் இருளில் மறைந்திருக்கும். வேவு பார்க்கப் போன ஒற்றை ஆள் சாவதற்குள் கண்ட ஓரிரு கட்டடங்களை வைத்தே, சற்று நேரத்தில் எந்தப் படை நம் வாசலுக்கு வரும் என்று ஊகித்தாக வேண்டும். தென்கொரியாவின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கு 300-க்கும் மேற்பட்ட கட்டளைகளை இடுவதற்கு இதுவே காரணம்.

டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய ஆல்ஃபாஸ்டார் என்ற செயற்கை நுண்ணறிவு, ஸ்டார்கிராஃப்ட் இரண்டாம் பாகத்தில் இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களைப் பத்து ஆட்டங்களில் வென்ற செய்தி 2019 ஜனவரியில் வெளியானது. அந்தப் பத்து ஆட்டங்களிலும் அந்த நிரல், தன் பார்வைக்கு உட்பட்ட நிலப்பரப்பு முழுவதையும் ஒரே சமயத்தில் கவனிக்க முடிந்தது. மனிதர்களைப் போலத் திரையை அங்குமிங்கும் நகர்த்தித்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு அதன் இன்னொரு வடிவம் ஆடிய நேரலை ஆட்டத்தில், மனிதரே வென்றார். கட்டளையின் வேகத்துக்கு இணையாக, அடுத்த நொடியில் எங்கே பார்ப்பது, எதைப் பார்க்காமல் விடுவது என்ற தேர்வும் பெரும் திறமை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. அந்த ஆண்டின் இறுதிக்குள் கட்டுப்பாடுகளோடு ஆடியே அந்த நிரல் மிக உயர்ந்த தரவரிசையை எட்டிவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

உங்கள் கட்சியும் எளிதில் தள்ளக்கூடியதன்று. துப்பாக்கிச் சண்டை விளையாட்டான கவுண்டர் ஸ்ட்ரைக்கில் குறி பார்ப்பது பாதி வேலைதான். ஒவ்வொரு சுற்றிலும் கையில் உள்ள பணத்தைச் செலவிடுவதா, அடுத்த சுற்றுக்குச் சேமிப்பதா என்று அணியின் ஐந்து பேரும் ஒருமித்து முடிவெடுக்க வேண்டும். ஆனால் அங்கே உங்கள் பொறுப்பில் இருப்பது ஓர் உடல், ஒரு துப்பாக்கி. பொறுப்பு ஐந்து பேருக்குப் பகிரப்படுகிறது. ஸ்டார்கிராஃப்டில் தோற்றால் பழியைப் போட அருகில் யாருமில்லை.

கேள்வி: சண்டை விளையாட்டுகளில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பொத்தான்களையும் தட்டினாலே வென்றுவிடலாம் என்று என் அண்ணன் சொல்கிறார். இது உண்மையா? (பிளஸ் டூ மாணவி, மார்த்தாண்டம்)

பதில்: உங்கள் அண்ணனுக்கு எதிரே அமர்பவரும் அப்படியே தட்டினால் வெல்லலாம். பயிற்சி பெற்ற ஒருவர் எதிரே அமர்ந்தால், அண்ணனின் வீரர் தரையிலிருந்து எழவே நேரமிருக்காது.

இருவர் நேருக்கு நேர் மோதும் இவ்விளையாட்டுகளில் திரை நொடிக்கு 60 முறை மாறுகிறது. கண்ணால் கண்டதற்குக் கை அசைய மனிதருக்கு ஏறத்தாழ கால் நொடி பிடிக்கும். அதற்குள் திரை 12 முதல் 15 முறை மாறிவிடும். பல அடிகள் அதைவிட விரைவாகவே வந்து விழுந்துவிடுகின்றன என்பதால், அடி கிளம்பிய பிறகு பார்த்துத் தடுப்பது இயலாது. எதிராளி எந்த இடத்தில் எதைச் செய்யப் பழகியிருக்கிறார் என்று படித்து, முன்கூட்டியே தடுக்க வேண்டும். எதிராளியின் மனத்தைப் படிப்பதே இங்கு முதன்மையான திறமை என்று நான் கருதுகிறேன்.

2004-இல் அமெரிக்காவில் நடந்த, சண்டை விளையாட்டுகளுக்கான இவோ போட்டியில், ஸ்ட்ரீட் ஃபைட்டர் மூன்றாம் பாகத்தில் ஜப்பானின் டைகோ உமெஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்டின் வாங்கும் மோதினர். டைகோ ஆட்டிவைத்த கென் என்ற வீரனுக்கு, மிச்ச உயிரைக் காட்டும் கோட்டில் ஒரு துளியே எஞ்சியிருந்தது. சாதாரணமாகத் தடுத்தாலும் அந்தத் துளி கரைந்துவிடும் என்பதால், ஒவ்வொரு உதையும் வந்து படும் கணத்தில் எதிராளியை நோக்கி விசைக்கோலை (ஜாய்ஸ்டிக்) தள்ளி அதை முறியடிப்பது ஒன்றே வழி. அதிலும் முதல் உதைக்கான தள்ளலை, அது வருமுன்பே ஊகித்துச் செய்தாக வேண்டும். ஜஸ்டின் ஆட்டிவைத்த சுன்-லி என்ற வீராங்கனை தொடுத்த 15 உதைகளையும் ஒன்றுவிடாமல் முறியடித்து, கடைசி உதையை அந்தரத்தில் ஏற்று, திருப்பி அடித்து அந்தச் சுற்றை டைகோ வென்றார். அதன் காணொளி யூடியூபில் கிடைக்கிறது. அண்ணனோடு அமர்ந்து பாருங்கள்.

கேள்வி: என் மகள் ஓய்வு நேரத்தில் டெட்ரிஸ் ஆடுகிறாள். அது சிறு குழந்தைகளுக்கான விளையாட்டுத்தானே? (குடும்பத் தலைவி, கம்பம்)

பதில்: குழந்தைகளும் ஆடலாம் என்பது உண்மை; குழந்தைகளுக்கு மட்டுமானது என்பது சரியன்று. 1984-இல் மாஸ்கோவில் அலெக்சி பஜித்னவ் உருவாக்கிய, மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்கும் இவ்விளையாட்டின் 1989-ஆம் ஆண்டு நின்டெண்டோ பதிப்பில், 29-ஆம் நிலையை எட்டியதும் கட்டைகள் விழும் வேகம் திடீரென இரட்டிப்பாகும். பொத்தானை அழுத்திப் பிடித்து ஒரு கட்டையை ஓரத்துக்குக் கொண்டு செல்வதற்குள் அது கீழே இறங்கிவிடும் என்பதால், அதற்குமேல் மனிதரால் ஆட இயலாது என்றே நெடுங்காலம் நம்பினார்கள்.

பின்னர் ஒரு புதிய முறை தோன்றியது. ஒரு கை விரலைத் திசைப் பொத்தானின் மேல் மெல்ல வைத்துக்கொண்டு, மறுகையின் விரல்களால் கருவியின் முதுகை ஒவ்வொரு விரலாக வரிசையாகத் தட்டுவார்கள். தபேலாவில் விரல் உருட்டுவது போன்ற அந்த அசைவில், ஒவ்வொரு தட்டலும் பொத்தானை ஒருமுறை அழுத்திவிடும். இம்முறையில் ஆடி, 2023 டிசம்பரில் 13 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் 157-ஆம் நிலையை எட்டியபோது, நிரலே தாங்க முடியாமல் உறைந்து நின்றது. ஒரு விளையாட்டுக்கு எவ்வளவு திறமை தேவை என்பதை அதைப் படைத்தவர் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆடுபவர்களும் எல்லையைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள்.

கேள்வி: கார் பந்தய விளையாட்டில் தேறியவர் உண்மையான பந்தயத்திலும் ஓட்ட முடியுமா? (பொள்ளாச்சி வாசகர்)

பதில்: முடிந்திருக்கிறது. கிரான் டூரிஸ்மோ விளையாட்டில் வென்று, 2011-இல், விளையாட்டில் தேறியவர்களைப் பந்தய ஓட்டுநராக்கும் ஜிடி அகாடமி போட்டி வழியாகத் தேர்வான பிரிட்டனின் யான் மார்டன்பரோ, 2013-இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாவதாக வந்த அணியில் இருந்தார். ஆனால் இது ஸ்டியரிங்கும் பெடலும் பொருத்தி ஆடும், அசலைப் பின்பற்றும் பந்தய விளையாட்டுகளுக்கே பொருந்தும். கோவை அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், கைப்பேசியில் விரலால் ஓட்டிய அனுபவத்தை நம்பிப் போக வேண்டாம்.

கேள்வி: பி.ஜி.எம்.ஐ. (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) என்ற கைப்பேசி ஆட்டத்தில் கடைசி வரை பிழைப்பது வெறும் அதிர்ஷ்டம் என்று அப்பா சொல்கிறார். தம்பி ஒப்புக்கொள்வதில்லை. யார் சொல்வது சரி? (ஆசிரியை, வேலந்தாவளம்)

பதில்: ஓர் ஆட்டத்தை மட்டும் பார்த்தால் அப்பா சொல்வதில் நியாயம் உண்டு. ஒரே நிலத்தில் 100 பேர் வரை இறங்குகிறார்கள். யாருக்கு நல்ல துப்பாக்கி கிடைக்கும், உயிர் பிழைக்க உள்ளே இருக்க வேண்டிய, நேரம் போகப் போகச் சுருங்கும் வட்டம் எந்தப் பக்கம் அமையும் என்பவை ஆடுபவர் கையில் இல்லை. உங்கள் எல்லைப் பகுதியில் கைப்பேசி ஒரு மாநிலத்துக் கோபுரத்திலிருந்து மறு மாநிலத்துக் கோபுரத்துக்குத் தாவும் நேரத்தில் ஆட்டம் ஒரு நொடி திக்கினால், அதற்கும் தம்பி பொறுப்பாளி அல்லர்.

ஆனால் துப்பாக்கியின் உதைப்பை விரலாலும் கைப்பேசியைச் சாய்த்தும் அடக்குவது, வட்டம் சுருங்குமுன் மேட்டைப் பிடிப்பது, குழுவில் உள்ள நால்வரும் கண்டதை ஒரே சொல்லில் மற்றவருக்குத் தெரிவிப்பது ஆகியவை பயிற்சியால் மட்டுமே வருபவை. அதிர்ஷ்டம் பல ஆட்டங்களில் ஒன்றையொன்று சமன் செய்துவிடும் என்பதால்தான், பெரிய போட்டிகளில் பல ஆட்டங்களை நடத்தி, பிடித்த இடத்துக்கும் வீழ்த்திய எண்ணிக்கைக்கும் புள்ளிகளைக் கூட்டி வெற்றியாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தம்பி வென்ற ஆட்டங்களை மட்டும் அப்பாவிடம் காட்ட வேண்டாம்; ஒரு மாதத்து ஆட்டங்கள் அனைத்தையும் எடுத்து, சராசரியாக எத்தனையாவது இடத்தில் முடிக்கிறார் என்று கணக்கிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.