யாங்கோன் நண்பனுக்கு அரகலயப் படங்கள் அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள் தம்பி. மியன்மாரின் யாங்கோனிலிருந்து "இனி ஒன்றும் மாறாது" என்று எழுதும் நண்பனுக்கு, 2022ல் கொழும்பு காலிமுகத்திடலில் நடந்த அரகலய மக்கள் போராட்டத்தின் படங்கள் தெம்பு தரும் என்று நினைக்கிறீர்கள். அங்கே சோதனைச்சாவடிகளில் ஃபோனைத் திறந்து பார்க்கிறார்கள். மாட்டிக்கொள்வது அவன்தான்.

சோர்வுக்குக் காரணம் பெரும்பாலும் கட்டாய இராணுவச் சேவையாக இருக்கும். 2024ல் அமுலுக்கு வந்த அந்தச் சட்டம் 18 முதல் 35 வயது வரையான ஆண்களைக் கூப்பிடலாம் என்கிறது. நாளையே தன் கையில் இல்லாதவனிடம் நம்பிக்கை பற்றிப் பேசி என்ன?

2008ல், இங்கே போர்க்காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு சுற்றிவளைப்புத் தேடுதல். அம்மா என் டயரியில் இரண்டு பக்கங்களைக் கிழித்து அடுப்பில் போட்டார். (கவிதைதான், அதுவும் மோசமான கவிதை.) அன்றிரவு என்னைத் தேற்றியது, "நாளைக்குக் கிளாஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்ட கூட்டாளியின் அழைப்பு.

அதையே செய்து பாருங்கள். ஞாயிறு இரவு ஏழு மணிக்கு ஏதாவது சேர்ந்து படிப்போமா என்று கேளுங்கள். அவனுக்கு அது எட்டு மணி. 2021ல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததை எதிர்த்து யாங்கோன் வீடுகளில் சட்டி பானை தட்டிய நேரம். வந்தால் சரி. வராவிட்டால் நெருக்காதீர்கள், இணையம் வெட்டுப்பட்டும் இருக்கலாம்.

எந்தச் செயலி பாதுகாப்பு என்பதை அவனே சொல்லட்டும். தானாக அழியும் செய்தி வசதியைப் போட்டுவிடுங்கள். ஆனால் யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அது காப்பாற்றாது.