எடை கூடினால் கிராஃப்டிங் நடந்ததாக அர்த்தமா?

கேள்வி: கைட்டோசானை (நண்டு, இறால் ஓடுகளிலிருந்து பெறும் சர்க்கரைப் பாலிமர்) 1% அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, பொட்டாசியம் பெர்சல்பேட்டைத் தொடக்கியாக வைத்து, 60 டிகிரி செல்சியஸில் அக்ரிலிக் அமிலத்தைக் கிராஃப்ட் செய்தேன், அதாவது கைட்டோசான் மேல் கிளைச் சங்கிலிகளாக வளர்த்துப் பிணைக்கப் பார்த்தேன். பலமுறை தண்ணீரில் கழுவியும் எடை 60% கூடியிருக்கிறது. ஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலையில்) கார்பனைல் பட்டையும் வந்திருக்கிறது. இது போதாது என்கிறார் என் வழிகாட்டி. ஏன்?

பதில்: உங்கள் வழிகாட்டி சொல்வது சரிதான். பெர்சல்பேட் உடைந்து வரும் ரேடிக்கல்கள் (இணையில்லா எலக்ட்ரான் கொண்ட, வினைத்துடிப்பான துண்டுகள்) கைட்டோசானை மட்டும் தேடிப் போவதில்லை. கரைசலில் இருக்கும் மோனோமரையும் (அக்ரிலிக் அமிலத்தையும்) நேரடியாகத் தூண்டிவிடும். ஆகவே கிராஃப்டோடு கூடவே தனிப் பாலிஅக்ரிலிக் அமிலமும் உருவாகும்.

வழக்கமாக கைட்டோசானோடு ஒட்டாத இந்தத் தனிப் பாலிமர் (ஹோமோபாலிமர்) தண்ணீரிலேயே போய்விடும். இங்கே போகாது. கைட்டோசானின் அமீன் தொகுதிகளுடைய பிகேஏ (பாதி அமீன்கள் சுமையேற்றிருக்கும் பிஎச்) சுமார் 6.5. உங்கள் கரைசல் அதைவிட அமிலத்தன்மை கொண்டது என்பதால், அமீன்கள் நேர்மின் சுமையோடு நிற்கின்றன. பாலிஅக்ரிலிக் அமிலத்தின் கார்பாக்சில்கள் எதிர்மின் சுமையோடு அவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. எந்தச் சகப்பிணைப்பும் இல்லாமலேயே இறுக்கமான அயனிக் கலவை கிடைத்துவிடுகிறது. ஐஆரும் கைகொடுக்காது: ஒட்டிய சங்கிலியிலும் கார்பாக்சில்தான், சும்மா சிக்கிக்கொண்ட சங்கிலியிலும் கார்பாக்சில்தான்.

இந்தப் பிடியை அவிழ்க்க, விளைபொருளை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் கலக்கி பிஎச்சை 10-க்கு மேல் கொண்டுபோங்கள். அமீன்கள் சுமையை இழந்ததும் தனிப் பாலிஅக்ரிலேட் நீரில் இறங்கிவிடும். வடிகட்டி, உலர்த்திய எடை மாறாமல் நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். அதிகம் கிராஃப்ட் ஆகியிருந்தால் விளைபொருளே காரத்தில் கரையலாம். வெறும் கைட்டோசான் அப்படிக் கரையாது என்பதால் அது நல்ல தடயம்தான். ஆனால் பெர்சல்பேட் கைட்டோசான் சங்கிலியையும் வெட்டும். மிகச் சிறிய துண்டுகளும் கரைந்துபோகும். அதனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

எடைக் கணக்கில் இன்னொரு ஓட்டை உண்டு. 85% டீஅசிட்டைலேற்றம் ஆன (அதாவது 85% அலகுகளில் அசிட்டைல் நீங்கி அமீன் வெளிப்பட்ட) கைட்டோசானில் ஓர் அலகின் சராசரி நிறை சுமார் 167. அத்தனை அமீனும் அசிட்டேட் உப்பானால் அலகுக்கு 51 கூடும், அதாவது ஒரு மோனோமர்கூட ஒட்டாமலேயே 30% எடை ஏறிவிடும்! கைட்டோசான் ஈரத்தையும் நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். தொடக்க எடையையும் முடிவு எடையையும் ஒரே மாதிரி உலர்த்தியா எடுத்தீர்கள்?

அப்புறம், இரண்டு ஒப்பீட்டுச் சோதனைகள் அவசியம். ஒன்று, மோனோமர் இல்லாமல் கைட்டோசானும் பெர்சல்பேட்டும். மற்றொன்று, பெர்சல்பேட் இல்லாமல் கைட்டோசானும் தனியே செய்த பாலிஅக்ரிலிக் அமிலமும். இரண்டையும் அதே சூட்டில் வைத்து, அதே காரக் கழுவலுக்கும் உலர்த்தலுக்கும் உட்படுத்துங்கள். இரண்டாவதில் எடை ஏறியே இருந்தால் உங்கள் கழுவல் போதவில்லை. என்னைக் கேட்டால், பத்து ஐஆர் படங்களைவிட இந்த ஒரு சோதனை மேல்.

இன்னும் வலுவான ஆதாரம் வேண்டுமானால், கழுவிய பொருளை நீர்த்த அமிலத்தில் சோடியம் நைட்ரைட்டோடு வினைப்படுத்துங்கள். நைட்ரஸ் அமிலம் கட்டற்ற அமீன் உள்ள இடங்களில் கைட்டோசான் முதுகெலும்பைத் துண்டாக்கும்; மிஞ்சும் பாலிஅக்ரிலிக் சங்கிலிகளை ஜிபிசியில் (சங்கிலிகளை அளவுவாரியாகப் பிரிக்கும் முறை) அளக்கலாம், சர்க்கரைத் துண்டு ஒட்டியிருக்கிறதா என்று என்எம்ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) தேடலாம்.

ஹோமோபாலிமர் தொல்லை தீரவில்லையென்றால் செரிக் அம்மோனியம் நைட்ரேட்டுக்கு மாறிப் பாருங்கள். அது பெரும்பாலும் கைட்டோசான் மீதே ரேடிக்கலை உண்டாக்கும் என்பதால் தனிப் பாலிமர் பொதுவாகக் குறையும். காரக் கழுவலை மட்டும் அப்போதும் விட்டுவிட வேண்டாம்.