அந்தக் கிண்டியை எடுத்துக் கொடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 2 வயது 2 மாதம். மார்த்தாண்டம் பக்கத்தில் மாமியாரோடு இருக்கிறேன், கணவர் மஸ்கட்டில். இன்ஸ்டாகிராமில் பார்த்து மாண்டிசோரி மரச்சாமான் செட் ஒன்று 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு நாள் தொட்டான். மூன்றாம் நாளிலிருந்து அடுக்களையில் சம்படம் உருட்டுவதும் தண்ணீர் கொட்டுவதும்தான் வேலை. வீடியோவில் காட்டியபடி அரிசியைக் கரண்டியால் கிண்ணம் மாற்ற வைத்தேன், பாதி தரையில். "அன்னத்த எறைக்கவா படிச்சுக் குடுக்க?" என்று மாமி சத்தம் போட்டார். போன் கொடுத்தால்தான் அடங்குகிறான். வீட்டில் அவனை என்ன செய்ய வைக்கலாம்? எழுத்து எப்போது தொடங்கலாம்? எதையும் இடது கையால்தான் எடுக்கிறான், மாற்றிப் பழக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: தங்கச்சி, கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் அந்த 6,500 ரூபாய் நாலு இடத்தில் வருகிறது, அதனால் அதை முதலில் முடித்துவிடுவோம். பெட்டி கெடாமல் இருந்தால் யாருக்காவது பாதி விலைக்குக் கொடுத்துவிடுங்கள். 'மாண்டிசோரி' என்ற பெயர் எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை, அமெரிக்காவில் 1967-இலேயே இது பொதுப்பெயர் என்று முடிவாகிவிட்டது, ஆக எவர் வேண்டுமானாலும் எந்த மரக்கட்டையிலும் அந்தப் பெயரை ஒட்டி விற்கலாம், விற்கிறார்கள்.

அந்தப் பெயருக்குரிய அம்மா மரியா மாண்டிசோரி, பிள்ளைகள் கையால் செய்து தாமே கற்கிற பள்ளிமுறையைத் தொடங்கியவர், ஒரு டாக்டர், இத்தாலிக்காரர். 1907 ஜனவரியில் ரோமில் சான் லோரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பிள்ளைகளுக்காக ஒரு வீட்டைத் திறந்தார். அங்கே விலை கூடிய பொம்மைகளும் இருந்தன, பிள்ளைகள் அவற்றைத் தேடிப் போகவில்லை, கைகழுவுவது, தூசி துடைப்பது மாதிரி வேலைகளைத்தான் சலிக்காமல் திரும்பத் திரும்பச் செய்தார்கள். உங்கள் பையன் மூன்றாம் நாள் செய்தது அதேதான். நம் ஊருக்கும் அவர் தூரத்து ஆள் இல்லை, 1939-இல் அடையாறுக்கு வந்து, உலகப்போரில் மாட்டிக்கொண்டு, கொடைக்கானலில் சில வருடம் இருந்து பாடம் நடத்தியவர். நம் வீடுகளில் பிள்ளைகள் சிரட்டையில் மண் அள்ளி விளையாடுவதைப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன், இது என் கற்பனை, விடுங்கள்.

சம்படம் உருட்டுகிறான் என்கிறீர்கள். எத்தனை சம்படம்? ஒன்றுக்குள் ஒன்று போகிற அடுக்குச் சம்படம் இருக்கிறதா? மாண்டிசோரி வகுப்பில் பத்து மர உருளைகளும் அவற்றுக்கு அளவான பத்துக் குழிகளும் உள்ள ஒரு கட்டை இருக்கும். ஒரு உருளையைத் தவறான குழியில் வைத்தால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் நிற்கும், டீச்சர் தப்பு என்று சொல்லவே வேண்டாம், சாமானே சொல்லிவிடும். உங்கள் அடுக்குச் சம்படமும் இதையேதான் செய்கிறது. பெரிய மூடியைச் சின்னதில் வைத்தால் வழுக்கும், சின்ன மூடியைப் பெரியதில் வைத்தால் உள்ளே விழும். மூன்று சம்படத்தைக் கழுவித் துடைத்து, மூடிகளைத் தனியாக எடுத்து, சிட்டவுட்டில் ஒரு பாயில் பரப்பிவிட்டு நீங்கள் சும்மா உட்காருங்கள். கையை நீட்ட வேண்டாம். இதுதான் கஷ்டம், எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பிள்ளை மூடியைத் தலைகீழாக வைத்து அழுத்தும்போது நம் விரல் தானாகப் போகும், அதை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாமியாரிடம் பழைய சின்னக் கிண்டி, அதாவது மூக்கு வைத்த சொம்பு, ஏதாவது பரணில் இருக்கிறதா என்று கேளுங்கள், நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஒன்று கிடக்கும். பித்தளையோ வெண்கலமோ, கனம் குறைந்தது வேண்டும், பெரியது என்றால் அவனால் தூக்க முடியாது. டம்ளரிலிருந்து டம்ளருக்கு ஊற்றும்போது தண்ணீர் விளிம்பு முழுக்கப் பரவி வழியும், கிண்டியின் மூக்கோ சிறுத்து நீண்டிருப்பதால் தண்ணீர் ஒரே கோடாக விழும், அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே பிள்ளை சாய்ப்பதை நிறுத்தவும் கற்றுக்கொள்ளும். ஒரு தாம்பாளம், அதில் கிண்டி, ஒரு சின்ன டம்ளர், பக்கத்தில் மடித்த துவர்த்துத் துண்டு ஒன்று. கிண்டியில் அரை டம்ளர் தண்ணீருக்கு மேல் விடாதீர்கள், முழுக்கக் கொட்டினாலும் அந்தத் துவர்த்தே குடித்துவிடுகிற அளவுதான் கணக்கு. முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள், மெதுவாக, சாதாரணமாகச் செய்வதில் கால் பங்கு வேகத்தில். ஒரு கை கழுத்தில், ஒரு கை அடியில், தூக்கி, மூக்கை டம்ளருக்கு நேரே கொண்டு வந்து, ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் சாய்த்து. வாயைத் திறக்காதீர்கள். பேசினால் அவன் உங்கள் முகத்தைப் பார்ப்பான், நமக்கு வேண்டியது அவன் நம் கையைப் பார்ப்பது. முடிந்ததும் தாம்பாளத்தில் விழுந்த துளிகளைத் துவர்த்தால் ஒற்றி எடுங்கள், அதுவும் வேலையில் சேர்ந்ததுதான். பல பிள்ளைகளுக்கு ஊற்றுவதைவிடத் துடைப்பது பிடிக்கும், வேண்டுமென்றே கொட்டித் துடைத்துக்கொண்டிருப்பார்கள், இருக்கட்டும்.

கிண்டி கறுத்துப் போயிருந்தால் இன்னும் நல்லது. கொஞ்சம் ஊறிய புளியை அவன் கையில் கொடுத்துத் தேய்க்கச் சொல்லுங்கள், தேய்த்த இடம் மட்டும் பளிச்சென்று வருவதைப் பார்த்தால் விடமாட்டான். மாண்டிசோரி வகுப்புகளில் உலோகத்தைப் பளபளப்பாக்குவது ஒரு பாடமாகவே இருக்கிறது. உங்கள் மாமியாருக்கு இது தெரிந்தால் சிரிப்பார்.

மாமி விஷயத்தில், கோபிக்காதீர்கள், நான் அவர் பக்கம். அரிசியை அந்தக் கிண்ணத்திலிருந்து இந்தக் கிண்ணத்துக்கு மாற்றி மறுபடி மாற்றுவதில் வீட்டுக்கு ஒரு லாபமும் இல்லை, பிள்ளைக்கே அது புரியும். உண்மையான வேலை வீட்டில் குவிந்து கிடக்கும்போது பொய் வேலை எதற்கு? முருங்கைக்கீரை உருவும்போது ஒரு சின்னக் கொப்பை அவனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து அந்தக் குட்டி இலையைப் பிடுங்குகிறானே, பின்னாளில் பென்சில் பிடிக்கப்போகிற பிடி அதுதான். பயத்தங்காய் ஒடிக்க விடுங்கள், ஒடியும்போது வருகிற சத்தத்துக்காகவே செய்வான், ஒரு துண்டு நீளம் ஒரு துண்டு குட்டை என்றுதான் வரும், துவரனில் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது. மட்டிப்பழம் நம் மாவட்டத்துக்குப் புவிசார் குறியீடே வாங்கிக்கொடுத்த பழம், அவன் உள்ளங்கைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். காம்பு நுனியை மட்டும் நீங்கள் கீறிக் கொடுங்கள், மிச்சத் தோலை அவனே உரித்துக்கொள்வான். வாரியலில் பழைய ஈர்க்கில் நாலைந்தை எடுத்து நீளத்தைப் பாதியாக வெட்டிக் கட்டிக் கொடுத்து, தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, குப்பையை அந்த வட்டத்துக்குள் கூட்டச் சொல்லலாம். வட்டம் இல்லாவிட்டால் வீடு முழுக்கப் பரப்புவான், எதுவரை கூட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இதையெல்லாம் மாமியே உட்கார்ந்து செய்துகாட்டட்டும், கை நிதானம் நம்மைவிட அவர்களுக்குத்தான் அதிகம்.

இனி ஆபத்து. இதை வேகமாகப் படித்துத் தள்ளாதீர்கள். என் மூத்தவளுக்கு இரண்டரை வயதில் ஒரு கிண்ணம் மஞ்சாடிக்குரு என்கிற சிவப்பு விதைகளைக் கொடுத்து எண்ண வைத்தேன், பெரிய டீச்சரம்மா என்ற நினைப்பு. அடுப்பில் பால் பொங்குகிறது என்று திரும்பினேன், ஒன்றை மூக்கில் போட்டுக்கொண்டாள். டாக்டர் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டார், எனக்குத்தான் கை நடுக்கம் நிற்க ஒரு நாள் ஆனது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பொம்மையைச் சோதிக்க ஒரு சின்னக் குழாய் வைத்திருக்கிறார்கள், அதன் குறுக்களவு சுமார் 3.2 சென்டிமீட்டர், நம் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் அகலம். அதற்குள் முழுசாகப் போகிற எதுவும் தொண்டைக்கு ஆபத்து என்று கணக்கு. கடலை, கொல்லாங்கொட்டை, கொண்டைக்கடலை, சோவி, பட்டன், ரிமோட்டில் இருக்கிற வட்ட பேட்டரி எதுவும் வேண்டாம், பேட்டரி விழுங்கினால் உள்ளேயே புண்ணாக்கும், உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். குன்றிமணியை வீட்டிலேயே வைக்காதீர்கள், சிவப்பும் கறுப்புமாக அழகாகத்தான் இருக்கும், அதன் பருப்பு கடும் விஷம்.

ஓணத்துக்கு அத்தப்பூ போடுகிற வீடென்றால் கேந்திப்பூவைப் பிய்த்துத் தட்டில் போடுகிற வேலையைத் தாராளமாகக் கொடுக்கலாம், விரலுக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை. ஆனால் தோவாளையிலிருந்து வருகிற பூப்பொதியில் அரளியும் கலந்திருக்கும், அதை முதலில் பொறுக்கி மாற்றி வையுங்கள், அரளியில் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம். அப்புறம் வாளி. ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம், நாலு விரற்கடை தண்ணீரில் தலைகுப்புற விழுந்தாலே இந்த வயதுப் பிள்ளையால் எழ முடியாமல் போகலாம். நம் வீடுகளில் கிணறு, பின்னால் குளம், முன்னால் கால்வாய். தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுத்தான் நீங்கள் எழ வேண்டும், போன் அடித்தாலும் சரி, மீன்காரர் கூப்பிட்டாலும் சரி.

போன் என்றதும் இன்னொன்று. இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் திரை ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. அதை ஒரே நாளில் பிடுங்கினால் வீடு ரணகளமாகும், அவன் போன் கேட்கிற நேரம் எது என்று நாலு நாள் கவனித்துப் பாருங்கள். நீங்கள் சமையலில் நிற்கிற நேரமாகத்தான் இருக்கும், கீரைக்கொப்பை அந்த நேரத்துக்கு மாற்றி வையுங்கள். அப்பாவோடு வீடியோ காலை நான் இதில் சேர்க்க மாட்டேன், அது வேண்டும். ஆனால் அவன் ஊற்றும்போது "அப்பாக்குக் காட்டு மக்கா, இங்க பாரு" என்று இடையில் கூப்பிடாதீர்கள். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள் அவரை. மஸ்கட்டில் இருந்துகொண்டு மகன் அரை டம்ளர் தண்ணீரை முழுசாக ஊற்றி முடிக்கும் வரை மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருக்கட்டுமே.

எத்தனை நேரம் செய்வான் என்று கேட்டிருந்தீர்கள். ஐந்து நிமிடம் செய்தால் போதும். ஒரே சமயத்தில் நாலைந்து சாமான் மட்டும் அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், இரண்டு செங்கல் மேல் ஒரு பலகை போட்டு, ஆடாமல் பார்த்துக்கொண்டால் அதுவே அலமாரி. அவன் சீண்டாததை உள்ளே வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்து எடுங்கள்.

எழுத்து இப்போது வேண்டாம். பெயர்களைக் கொடுங்கள். சந்தையிலிருந்து வரும்போது மட்டி ஒன்று, செவ்வாழை ஒன்று, ஏத்தன் ஒன்று எடுத்து வரிசையாக வைத்து, தொட்டுத் தொட்டு "இது மட்டி", "இது செவ்வாழை" என்று மட்டும் சொல்லுங்கள். வேறொரு நாள் "செவ்வாழையை எடுத்துத் தா" என்று கேளுங்கள். அவன் சரியாக எடுத்துத் தர ஆரம்பித்து நாளானபிறகுதான் "இது என்ன?" என்ற கேள்வி. இந்த மூன்று படி முறையை செகுவான் என்ற பிரெஞ்சு டாக்டரிடமிருந்து மாண்டிசோரி எடுத்துக்கொண்டார். நாம் எல்லோரும் நேரே மூன்றாம் படிக்குப் போய், "இது என்ன, சொல்லு, ஆன்ட்டிக்குச் சொல்லு" என்று பிள்ளையை நெளிய வைக்கிறோம். இரண்டாம் படியிலேயே மாதக்கணக்கில் நிற்கலாம், ஒன்றும் குறையாது. தப்பாக எடுத்தால் "இல்ல" என்று சொல்ல வேண்டாம், பழத்தை வாங்கி வைத்துவிட்டு இன்னொரு நாள் முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.

கடைசியாக இடது கை. எந்தக் கை என்பது பல பிள்ளைகளுக்கு மூன்று நாலு வயதில்தான் தெளிவாகும், இப்போது மாற்றிப் பிடிக்க வைக்காதீர்கள். கீரை உருவ, வாரியல் பிடிக்க, எதற்கும் அவன் இஷ்டம். சாப்பாட்டுத் தட்டில் மாமி விடமாட்டார் என்று தெரியும், அங்கே தினமும் சண்டை போட்டுக்கொண்டிருக்காமல் "பிறகு பாப்போம் மாமி" என்று நாளைக் கடத்துங்கள். கிண்டிக்கு அந்தப் பஞ்சாயத்தே இல்லை, அதைத் தூக்க இரண்டு கையும் வேண்டும்.