வயதானவர்களுக்கு ஆபரேஷன் முடிந்ததும் புத்தி தடுமாறுகிறதே, யாருக்கு இது அதிகம் வரும்?

நான் டாக்டர் இல்லை. அப்பாவுக்கு இது வந்தபோது கூடவே இருந்தவள், அவ்வளவுதான்.

அப்பாவுக்கு 78 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மறுநாளே ஆபரேஷன், நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் நாள் ராத்திரி மூத்திர ட்யூபைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "டிக்கெட் எடுக்காதவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று சத்தம் போட்டார். ரிட்டையரான கண்டக்டர் அவர். என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காலையில் தெளிவாகப் பேசுவார், பொழுது சாய்ந்தால் மறுபடி பஸ் ஏறிவிடுவார். சித்தி தாயத்து வாங்கக் கிளம்பிவிட்டார்.

டாக்டர் இதை டெலிரியம் என்றார். ஜன்னி கண்டு பிதற்றுகிறார் என்று நம் வீடுகளில் சொல்வதுதான்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் மயக்க மருந்தைத் திட்டினார்கள். அப்பாவுக்கு முழு மயக்கமே கொடுக்கவில்லை, முதுகில் போடும் ஊசிதான். அப்புறம் தேடிப் படித்தேன். இடுப்பெலும்பு முறிந்தவர்களை வைத்து இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் செய்து 2021-இல் வெளிவந்தது ஒன்று, சீனாவில் செய்து 2022-இல் வெளிவந்தது இன்னொன்று. முதுகு ஊசியோ முழு மயக்கமோ, டெலிரியம் வருவதில் சொல்லும்படியான வித்தியாசம் இரண்டிலும் இல்லை.

பெரிய காரணம் வேறு. ஏற்கெனவே ஞாபகம் தேய ஆரம்பித்திருந்தால் ஆபத்து பல மடங்கு. அப்பா அதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே பால்காரருக்கு ஒரே மாசத்தில் இரண்டு தடவை காசு கொடுப்பார், அடுப்பை அணைக்க மறப்பார். மயக்க டாக்டர் சுகர், பிரஷர், இதயம் எல்லாம் விசாரித்துவிட்டு "வேற ஏதாவது?" என்று கேட்டபோது அண்ணன் "ஒண்ணும் இல்ல சார்" என்றான். பொய் சொல்லவில்லை. வயசானால் அப்படித்தான் என்று நாங்களே நினைத்திருந்தோம். எந்த ஸ்கேனிலும் பளிச்சென்று தெரியாத விஷயம், வீட்டு ஆளுக்குத்தான் தெரியும்.

அதற்கு மேல் நாங்கள் சேர்த்தது வேறு. தொலைந்துவிடும் என்று காது மெஷினை என் கைப்பையில் வைத்திருந்தேன். காது கேட்காமல், கண்ணாடியும் இல்லாமல், ராப்பகல் தெரியாத வார்டில் படுத்திருந்தார். தூங்கட்டும் என்று நாங்களே கேட்டு வாங்கிய தூக்க மாத்திரை குழப்பத்தைக் கூட்டும் ரகம். நான்கு நாள் மலம் போகவில்லை. சரியாகத் தண்ணீர் குடிக்கவில்லை, ரத்தத்தில் சோடியமும் இறங்கியிருந்தது. வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளும் ஆள். அடக்கிய வலியும் இதைக் கிளப்புமாம். ட்யூபைப் பிடுங்குகிறார் என்று கையைக் கட்டினார்கள், அது இன்னும் மோசம். தள்ளிப்போட முடியாத அவசர ஆபரேஷன் என்பதும் ஒரு காரணம்.

பக்கத்துக் கட்டில் தாத்தாவுக்கு விஷயம் வேறு. தினமும் குவார்ட்டர் அடிப்பவர் என்பதை வீட்டில் வெட்கப்பட்டு மறைத்துவிட்டார்கள். சட்டென்று குடி நின்றதும் மூன்றாம் நாள் கை நடுக்கம், சுவரில் பூச்சி ஊர்கிறது என்ற கத்தல். தயவுசெய்து இதை மட்டும் மறைக்காதீர்கள், ஆளையே கொண்டுபோகக்கூடியது.

கத்துகிறவரையாவது நர்ஸ் ஓடிவந்து பார்ப்பார். பேசாமல் சுருண்டு தூங்கிக்கொண்டே இருக்கும் வகையும் உண்டு. "பாவம், அசதி" என்று விட்டுவிடுவோம்.

கொஞ்சம் தடுக்கவும் முடியும். யேல் பல்கலைக்கழகத்தின் ஷாரன் இனூயி குழு 1999-இல் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளிடம் பார்த்தது. ஆபரேஷன் வார்டு இல்லை, பொது மருத்துவ வார்டுதான். கண்ணாடி, காது மெஷின், தண்ணீர், நடக்க வைப்பது, இரவில் மாத்திரை இல்லாத தூக்கம், இன்று என்ன நாள் என்று பேசிக்கொண்டிருப்பது, இவ்வளவுதான் செய்தார்கள். டெலிரியம் 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைந்தது.

நாங்கள் ஐந்தாம் நாள்தான் மெஷினைக் காதில் மாட்டினோம். ட்யூபையும் எடுத்தார்கள். ஏழாம் நாள் காலையில் "பேப்பர் வந்துச்சா பாப்பா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்தும் ஒரு மாதம்போல, விளக்கு வைக்கும் நேரத்தில் மட்டும் அவ்வப்போது சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.